முன் பெஞ்சு டவுட்டு

“சார், ஒரு டவுட்டு!”

முன் பெஞ்சில் கை உயர்ந்ததுமே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிட்டது. பொருளாதாரப் பேராசிரியர் சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

“கேளும்மா.”

“அசைன்மென்ட்டை யார்கிட்ட சார் குடுக்கணும்? அட்டை போடணுமா?”

“இது கூடத் தெரியாம எப்படிம்மா காலேஜுக்கு வந்தே?”

வகுப்பே அதிர்ந்தது. அது அவருடைய ஆஸ்தான ஜோக். எத்தனை முறை சொன்னாலும் எடுபடும்.

அந்தப் பெண்ணுக்கு அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். இருந்தும் தினம் நாலு கேள்வி, அத்தனையும் அரிச்சுவடி. ‘டவுட்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கூச்சநாச்சமே இல்லாமல் மறுநாளும் கை தூக்குவாள்.

அவளுக்குப் பக்கத்தில் இஸ்திரிக் கடைக்காரர் மகள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். வாயே திறக்க மாட்டாள், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பாள்.

இவளைப் போன்றவர்களுக்கு உதவவென்றே கல்லூரியில் ஒரு குழு உண்டு. பேராசிரியர்தான் அதன் தலைவர். ‘நன்றாகப் படிக்கிறாள். சந்தேகமே வருவதில்லை’ என்று போன வாரம்தான் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார்.

தேர்வுத் தாள் திருத்தியபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண், டவுட்டு!

மறுநாளே அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே கேள்வி கேட்டு என் உயிரை வாங்கறியா?”

“இல்ல சார்...”

“நாளையிலேருந்து என் கிளாஸ்ல நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா உங்க அப்பாவை வரச் சொல்லுவேன்.”

அதுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றவள் பதறிப்போனாள்.

“அப்பாவை வேணா இன்னிக்கே வரச் சொல்லுங்க சார். கேள்வியை மட்டும் நிறுத்திடாதீங்க!”

வேறு வழி தெரியாமல் ரஃப் நோட்டை நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் குட்டிக் குட்டியாகக் கேள்விகள். ‘அட்டை போடணுமா?’ அதுவும் இருந்தது.

பேராசிரியருக்கு அந்தக் கையெழுத்து தெரியும். நேற்றுதான் அந்தத் தாளையும் திருத்தியிருந்தார். இஸ்திரிக் கடைக்காரர் மகளுடையது.

“அவளே கேட்க வேண்டியதுதானேம்மா? நான் என்ன புலியா, கரடியா?”

“முதல் நாள் அவதான் கேட்டா சார், செமினார்னா என்னன்னு. அன்னிக்குச் சாயங்காலமே ஹாஸ்டல்ல பெட்டியைக் கட்டிட்டா. பஸ் ஸ்டாப்லேருந்து நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“‘இது கூடத் தெரியாம எப்படிம்மா காலேஜுக்கு வந்தே’ன்னு கேட்டீங்களே சார்... அது ஜோக்குன்னு அவளுக்குத் தெரியல.”