பள்ளிக்கூட முனையில் மாமியார்

"அங்க பாருங்கோ, கலியாண வீட்டுக்கு வந்தமாதிரி வந்து நிக்கிறா!"

கார் ஓட்டிக்கொண்டே முனையைக் காட்டிப் பல்லைக் கடித்தாள் சிசிலி. பக்கத்தில் இருந்த கணவர் கிறிஸ்தோப்பர், மெத்ரோ ரயிலுக்கு நேரமாகிறதே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அது ஒடுங்கிய ஒருவழித் தெரு. முனையில் பள்ளிக்கூடம். நவம்பர் குளிரில் தாய்மார் எல்லாம் மூக்குவரை சால்வையைச் சுற்றி நிற்க, அந்த அம்மா மட்டும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, உள்ளே அரக்குப் பட்டுச்சேலை பளபளக்க, பெரிய பொட்டோடு நின்றார்.

பெயர் சுதாஜினி. திருகோணமலையில் பிறந்து, சென்னைக்குப் போய், தொலைக்காட்சித் தொடர்களில் கொடுமைக்கார மாமியாராக நடித்துப் பெயரெடுத்தவர். மகளோடு இருக்க மொன்றியலுக்கு வந்ததும் நடிப்பை விட்டுவிட்டார். இப்போது தெருவுக்கு விளக்குக் கேட்பார், பஸ் தரிப்புக்குக் கூரை கேட்பார். நகரசபைக் கூட்டத்தில் அரைகுறைப் பிரெஞ்சோடு எழும்பிக் கேள்வியும் கேட்பார். போன மாதம் இந்த முனையில் கார் தட்டி ஒரு பிள்ளைக்குக் கால் முறிந்ததிலிருந்து, கார்கள் நின்று போக அங்கே ஒரு ஸ்டொப் பலகை வேண்டும் என்று ஒரே பிடியாய் நிற்கிறார்.

நம்முடைய சனம்தான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

"பிள்ளைத்தாச்சி மருமகளை மழைக்குள்ள பிடிச்சுத் தள்ளினவ," என்றாள் சிசிலி.

"அது நாடகமப்பா."

"நாடகமெண்டாலும் மனசுக்குள்ள இருந்தால்தானே முகத்தில வரும்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்டுவரும் சிசிலியின் சட்டங்களோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார் கிறிஸ்தோப்பர்.

முனைக்குச் சற்று முன்னால் சிசிலி காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். ஒரு கிழமையாக, காலைச் செபத்துக்கு அடுத்தபடி அவள் தவறாமல் செய்வது இதைத்தான்.

"வாங்கோ அக்கா!" சுதாஜினி சிரித்தபடி வந்து குனிந்தார்.

"ஆர் உமக்கு அக்கா? எனக்கு இன்னும் அறுபது முடியேல்லை."

"எனக்கு முடிஞ்சுது. அப்ப தங்கச்சி எண்டு கூப்பிடட்டே?"

"ஒண்டும் வேண்டாம். என்னத்துக்கு இந்த வேஷம்? முதல்ல மஞ்சள் அங்கியோடதானே நிண்டனீர்?"

"ஓம். அதோட நிண்டு கை காட்டினன். ஒரு காரும் நிக்கேல்லை. நீங்களும்தான் நிக்கேல்லை."

"ஓ! அப்ப ஆக்கள் நிண்டு உம்மைப் பாக்கவேணும்?"

"பாக்கத்தானே வேணும்."

"வெக்கமில்லாமல் சொல்லுறா!" சிசிலி தலையை நன்றாக வெளியே நீட்டினாள். "பேப்பரில படம் வரும், பேந்து எலக்சனில நிக்கலாம். அதுக்குத்தானே?"

"நிண்டால் வோட்டுப் போடுவியளோ?"

"உமக்கோ? உம்மட அந்த மருமகள் நிண்டால் போடுவன்!"

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று. சிசிலி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஆனாலும் மூச்சு வாங்கியது. கண்ணாடியை ஏற்றக் கையை வைத்தாள்.

"பாலுக்குள்ள நஞ்சு கலந்ததை இண்டைக்கு நீங்கள் இன்னும் சொல்லேல்லையே," என்றார் சுதாஜினி.

"ஓம், அதை மறந்திட்டன்!" சிசிலிக்குப் புதுத்தெம்பு வந்துவிட்டது. "அந்தப் பச்சைமண் உமக்கு என்ன செய்தது? மாமி, மாமி எண்டு காலடியில கிடந்த பிள்ளை! எங்க பாக்கிறீர்? நான் இஞ்ச கதைச்சுக்கொண்டிருக்கிறன்!"

"கேக்கிறன், கேக்கிறன். நீங்கள் திட்டுங்கோ."

சுதாஜினியின் கண் மட்டும் காருக்கு முன்னால் எங்கேயோ போய்ப் போய் வந்தது. கிறிஸ்தோப்பரும் முன்னால் பார்த்து யாருக்கோ கையசைத்தார். சிசிலி இரண்டையும் கவனிக்கவில்லை. நஞ்சை முடித்து, நகையைக் களவெடுத்ததுவரை வந்து ஓய்ந்தாள்.

"சரி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு. நான் போறன்."

"பிரேக்கிலயிருந்து காலை எடுக்காதேங்கோ!"

சுதாஜினியின் குரலில் இப்போது சிரிப்பில்லை. கார்க் கதவை இறுக்கிப் பிடித்திருந்தார். சிசிலி திடுக்கிட்டு முன்னால் திரும்பினாள்.

காருக்கு நேர் முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை. ஒரு காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல், முதுகில் புத்தகப்பை. தாய் பக்கத்தில் வர, ஒவ்வோர் அடியாக வைத்துத் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கடந்த பிள்ளைகள் எல்லாம் அக்கரையில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள் சிசிலி. அவளுக்குப் பின்னால் முழுத்தெருவும் அசையாமல் நின்றது.

பிள்ளை நடைபாதையில் ஏறித் திரும்பி, கிறிஸ்தோப்பரைப் பார்த்துக் கையசைத்தது.

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?" என்று கணவரைக் கேட்டாள் சிசிலி.

"திங்கட்கிழமையிலயிருந்து," என்றார் அவர்.

சிசிலிக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாஜினியின் பக்கம் திரும்பினாள்.

சுதாஜினி கதவிலிருந்து கையை எடுத்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"இனிப் போங்கோ அக்கா. பனிக்காலம் முடிஞ்சுதான் ஸ்டொப் பலகை நடுவினமாம். அதுவரைக்கும் என்னை மன்னிச்சுப்போடாதேங்கோ!"