பிசகாத ஒரு மணி நேரம்

எண்பத்தாறாம் வருடத்துச் சித்திரை வெயில், அரியலூர் சிமெண்ட் ஆலையின் கட்டுப்பாட்டு அறை ஜன்னலில் படிந்த தூசியை வெள்ளையாய்க் காட்டுகிறது. மேசைமேல் மூடி கழற்றிய கம்ப்யூட்டர். அதன் முன்னே இன்ஜினியர் கொளஞ்சியம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சூளையைக் கவனிக்க வாங்கிய கம்ப்யூட்டர் இது. பிரிண்டர் ஓடத் தொடங்கினாலே நொடிகளை எண்ண மறந்துவிடும். இன்றும் தவறினால் திருப்பி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். மூன்று மாதமாக அதன் அடிப்படை நிரலையே அவள் மாற்றி எழுதியிருக்கிறாள். இப்போது எந்த வேலையில் இருந்தாலும், உள்ளே இருக்கும் டைமர் சில்லு நொடிக்கு நூறு முறை அதைத் தட்டிக் கூப்பிடும். கம்ப்யூட்டர் உடனே கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளுகிறது. சூளை ஆபரேட்டர் காசிநாதன் ஸ்டாப்வாட்சைக் கண்ணருகே பிடித்திருக்கிறார். திரையில் ஒரு மணி நேரம் முடிகிற கணத்தில் அவருடைய கட்டைவிரல் அழுந்துகிறது. திரையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"ஒரு செகண்டு கூட பெசகலைங்க மேடம்."

அவள் கட்டியிருந்த கைகளைப் பிரிக்கிறாள். காசிநாதன் சுரங்கத்துக்குப் போன் போட்டு, அங்கே சுண்ணாம்புக்கல் ஏற்றும் அவள் அப்பாவைக் கூப்பிடச் சொல்கிறார். "ராசாங்கண்ணே, இனிமே சூளைக்கு நேரம் பாக்கப் போறது ஒங்க பொண்ணு எழுதுனதுதான்," என்று சொல்லி ரிசீவரை அவளிடம் நீட்டுகிறார். மறுமுனையில் லாரி உறுமுகிறது. அப்பாவின் குரல் கேட்கிறது. பக்கத்தில் நிற்கும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"எம் பொண்ணுதான் பேசுது. இன்ஜினியரு."