வரப்பில் நின்றவள்

"யோவ், மறுபடியும் இன்னாத்துக்கு ஆஃப் பண்ற? இப்பத்தானே ஸ்டார்ட் பண்ண!"

வரப்பிலிருந்து தாமோதரன் கத்தினார். அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே அவருடைய நிலம். எதிர்பாராத மழையில் நெற்பயிர் பாதிக்குமேல் சாய்ந்து கிடந்தது. மேற்கே வானம் இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது.

டிரைவர் ஹரிகிருஷ்ணன் அறுவடை மிஷினின் இன்ஜினை அணைத்தான். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முன்னால் சுழலும் உருளை முழுக்க நிற்கும்வரை சீட்டிலேயே இருந்தான். அப்புறம்தான் இறங்கி, அதில் சுற்றிக்கொண்ட ஈர வைக்கோலைக் கொக்கியால் இழுத்தான்.

"போன வருசம் வந்த டிரைவரு, வண்டி ஓட ஓடவே காலால தள்ளிவுட்டுப் போய்கினே இருந்தான். நீ இன்னாடான்னா கோயில் படி மாதிரி ஏறி ஏறி எறங்கற!"

"அவருக்குக் கால் மேல ஆசை இல்ல போல, அண்ணாத்த. எனக்குக் கீது."

வாய்தான் அப்படிப் பேசியது. மனசுக்குள் பயம். காலையில்தான் மிஷின் முதலாளி செல்போனில் சொல்லியிருந்தார். "போற எடத்துல எல்லாம் ஸ்லோ ஸ்லோன்னு கம்ப்ளெயிண்ட். இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆள அனுப்பறேன். யாருன்னு கேக்காத. அந்த ஆளும் ஸ்லோன்னு சொன்னா, சாவியக் குட்த்துட்டு வூட்டப் பாத்துப் போய்டு."

சீசன் நடுவில் வேலை போனால் வேறு வண்டி கிடைக்காது. அவன் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

அப்போதுதான் ரோட்டோரம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுடிதார் போட்ட ஒரு பெண் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். இந்தச் சேற்றில் அவளுக்கு என்ன வேலை? தாமோதரனிடம் ஏதோ கேட்டாள். அவர் விரலை நீட்டி இவனைக் காட்டினார்.

'ஆபீஸ் ஆளு!' ஹரிகிருஷ்ணன் கொக்கியை வேகமாக இழுத்தான்.

அடைப்பை எடுத்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இந்த வண்டி எவ்ளோ நாளா ஓட்றீங்க?"

"நாலஞ்சு வருசமா ஓட்றேன், மேடம்."

"கண்ணு ஏன் செவந்து கீது?"

"நெல்லுத் தூசு. சந்தேகம்னா ஊதிக் காட்டட்டுமா?"

"வேணாம்" என்றாள். ஆனாலும் ஓரடி கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

'மொதலாளி எல்லாம் சொல்லிக் குட்த்துதான் அனுப்பிகிறாரு' என்று பல்லைக் கடித்தான்.

"ஒவ்வொருவாட்டியும் இப்டித்தான் நிறுத்துவீங்களா? ஓடிகினு இருக்கறப்பவே எடுத்தா வேலை சீக்கிரம் முடியுமே?"

"முடியும், மேடம். நானும் சேந்து முடிஞ்சிடுவேன். துப்பட்டாவ இழுத்துக் கட்டிகினு அப்டி வரப்பு மேல போய் நில்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. போய் நின்றுகொண்டு, கண் எடுக்காமல் பார்த்தாள். அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாமா என்று நினைத்தான். சாய்ந்த பயிரில் வேகம் எடுத்தால் மறுபடி அடைக்கும். கூட்டவில்லை.

அப்படியும் அடைத்தது.

இந்தத் தடவை தாமோதரனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ எறங்காத, நானே இஸ்துப் போட்றேன்!" என்று வயலுக்குள் குதித்தவர், மிஷினுக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினார்.

"அண்ணாத்த! கைய எடு!"

ஹரிகிருஷ்ணன் சாவியைத் திருகி உருவினான். இன்ஜின் நின்றது. உருளை உடனே நிற்கவில்லை. ஓடிய வேகத்தில் இன்னும் சுற்றி, தாமோதரனின் தோளில் தொங்கிய துண்டைக் கவ்வி இழுத்துக்கொண்டது. அவர் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார். வரப்பிலிருந்த பெண் வீறிட்டாள்.

ஹரிகிருஷ்ணன் குதித்து ஓடினான். "அறிவு கீதா உனுக்கு? துண்டோட போச்சு! கழுத்து போயிருந்தா உன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது?"

கத்தி முடித்த பிறகுதான் அவள் நிற்பது நினைவுக்கு வந்தது. நிலத்துக்காரரைத் திட்டியாயிற்று, அதுவும் ஆபீஸ் ஆள் முன்னாலேயே. எல்லாம் முடிந்தது.

நேராக அவளிடம் போய்ச் சாவியை நீட்டினான்.

"இந்தா, மேடம். கொண்டுபோய் உங்க முதலாளிகிட்டயே குடு. அவன் ஸ்லோதான்னு சொல்லு. ஓடற மிஷின்ல நானும் கை வெக்கமாட்டேன், எவனையும் வெக்க வுடமாட்டேன். வேலை போனாப் போவுது!"

சேற்றிலிருந்து எழுந்த தாமோதரன், "கோச்சிக்காத தம்பி. நீ மெதுவாவே அறு. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

அவள் சாவியை வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எந்த முதலாளி? எனக்கு யாரையும் தெரியாதே. எங்கப்பாவும் மிஷின் டிரைவர்தான். ஓடிகினு இருந்த மிஷின்ல வைக்கோல் எடுக்கப் போயி, ஒரு கை முழங்கையோட போச்சு" என்றாள்.

ஹரிகிருஷ்ணன் விழித்தான்.

"எம் பேரு ரோகிணி. உங்கம்மா குட்த்த என் போட்டோவ நீங்க பிரிச்சிக்கூடப் பாக்கலன்னு தரகர் சொன்னாரு. ஞாயித்துக்கெழம நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி, நான் ஒருவாட்டி மாப்ள பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."