வாகீசனின் முதல் மான்

வாகீசன் ஒவ்வொரு வருஷமும் வேட்டைக்குப் போய் வெறுங்கையோடுதான் திரும்புவான். இந்த முறை ஒரு மான் கிடைத்துவிட்டது. கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரத்திலிருந்த தங்கள் வீட்டுக் கராஜில் அதைத் தொங்கவிட்டு, அவனும் மனைவி பிரதீபாவும் காலையிலிருந்து வெட்டினார்கள்.

"உந்த வெள்ளைச் சவ்வை வடிவா எடுங்கோ. கொழுப்பையும் விடாதேங்கோ, கறி வெடுக்கு நாத்தம் அடிக்கும்," என்றாள் பிரதீபா. பொரியலுக்கு முதுகு இறைச்சி, கறிக்குத் தொடை என்று அவளே பிரித்து வைத்தாள்.

கறி இறங்கியதும் வாகீசன் முதல் துண்டை அவளிடம் நீட்டினான்.

"உமக்குத்தான் முதல். மான் இறைச்சி எண்டா உமக்கு உயிரெல்லோ!"

"எனக்கு வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கோ."

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஏன், நான் வெட்டினது சரியில்லையோ?"

"ஐயோ, அதில்லையப்பா. நீங்கள் வருஷா வருஷம் வாடிப்போய் வாறதைப் பார்க்கேலாமல் பிள்ளையாருக்கு நேத்திக்கடன் வைச்சனான். உங்களுக்கு மான் கிடைச்சா, ஒரு வருஷத்துக்கு மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு."

வாகீசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"உமக்குப் பிடிக்காத பாவக்காயை விடுறன் எண்டு நேத்தி வைச்சிருக்கலாமே!"

"பாவக்காய்க்குப் பிள்ளையார் அணில்தான் தந்திருப்பார்," என்றாள் பிரதீபா.