மைனஸ் ஆறு

அவன் கீபோர்டின் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து, சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வரியில் இருந்த மைனஸ் ஐந்தை மைனஸ் ஆறாக்கினான்.

சேமித்துவிட்டு, திரையைச் சட்டென்று முதல் பக்கத்துக்குத் திருப்பினான். முதல் பக்கத்தில் அந்த எண் தெரியாது. அதற்காகத்தான் எட்டு மாதமாக இந்தச் சுற்றுவழி.

வரவேற்புக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மண்டபத்தில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி மேடைக்குப் பின்னால் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருடமாக இருவரும்தான் கச்சேரி. அவன் வாசிப்பான், அவள் பாடுவாள், மூன்றாவது ஆள் கிடையாது. பின்னணி வாத்தியங்கள் லேப்டாப்பிலிருந்து மிடி கேபிள் வழியாகக் கீபோர்டுக்கு வந்துவிடும்.

எட்டு மாதத்துக்கு முன்பு தொண்டை டாக்டர் அவனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். குரல்நாண் நரம்பு சோர்ந்துகொண்டே வருகிறது என்றார். பேச்சு நிற்காது, கொஞ்சம் தடித்துப்போகும், அவ்வளவுதான். பாட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறாமல் போய்விடும். மருந்து இல்லை.

உள்ளே வந்து அவளிடம், சளிதானாம் என்றான்.

அந்த வாரமே முதல் அரைக்கட்டையை இறக்கினான். டிரான்ஸ்போஸில் அது ஒரு வசதி. விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், ஒலி மட்டும் ஒரு படி கீழே வரும். பக்கத்தில் நின்று விரலைப் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடாது.

முதல் தடவையே மாட்டிக்கொள்ள இருந்தான். கீபோர்டு இறங்கிவிட்டது, லேப்டாப்பிலிருந்து வந்த பின்னணி இறங்கவில்லை. இரண்டும் மோதிக்கொண்டதில் சபையே முகம் சுளித்தது. கேபிள் தகராறு என்று சமாளித்தான். மறுநாள் விளக்கப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினான். வெளியிலிருந்து வரும் சுரங்களையும் சேர்த்தே இறக்க மிடி பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கும்.

பிறகு இன்னொரு அரைக்கட்டை. இன்னொன்று.

மைனஸ் மூன்றில் இருந்தபோது ஒரு பெரியவர் மேடையேறி வந்து, உன் குரலுக்கு வயசே ஆகலைம்மா என்று அவளை வாழ்த்தினார். அவள் சிரித்தபடி கும்பிட்டாள். அவன் குனிந்து, ஏற்கெனவே சுருட்டிய கேபிளை மறுபடி சுருட்டினான்.

மைனஸ் ஐந்தின்போது அவன் தங்கை போனில், அண்ணன்னு நெனச்சுப் பேசிட்டேன் அண்ணி என்று கேலி செய்தாள். அன்று முழுக்க போன் அடித்தபோதெல்லாம் அவனே போய் எடுத்தான்.

அவள் வெந்நீர் டம்ளரை வைத்துவிட்டு மைக் முன்னால் வந்து நின்றாள். அவன் முன்னிசையை வாசித்தான்.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியின் உச்சியில் குரல் நூலாய் இழுபட்டு அறுந்தது.

மறுபடி பாடினாள். அதே இடத்தில் அறுந்தது.

உறை மாட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்க்காதவர் போலக் குனிந்துகொண்டார்.

“மானிட்டர்ல சத்தம் கம்மியா வருது. ஒரு நிமிஷம்,” என்றான் அவன்.

சிஸ்டம் பக்கத்தைத் திறந்து, குறைக்கும் பொத்தானை அழுத்தினான். மைனஸ் ஆறு.

இன்னொரு முறை அழுத்தினான். மைனஸ் ஆறு.

விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தான். எண் அசையவில்லை.

அவன் தோளில் அவள் கை வந்து தங்கியது.

“அதுக்குக் கீழ போகாதுங்க.”

அவன் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“பாடுறவளுக்குச் சுருதி தெரியாதா? மொத நாளே தெரிஞ்சுது. நீங்க எறக்க எறக்க, நானும் தெரியாத மாதிரியே பாடிட்டிருந்தேன்.”

அவனுடைய விரலைப் பொத்தானிலிருந்து மெல்ல நகர்த்திவிட்டு, கூட்டும் பொத்தானை அவளே ஆறு முறை அழுத்தினாள். எண் பூஜ்யத்துக்கு வந்தது. அங்கிருந்து மிடி பக்கத்துக்குப் போய், அணைந்திருந்த ஒரு சேனலைத் திறந்து, அதற்குப் புல்லாங்குழல் ஒலியைக் கொடுத்தாள். எந்தப் பக்கத்தையும் அவள் தேடவில்லை.

பிறகு லேப்டாப்பில் அவன் பார்த்தேயிராத ஒரு ஃபோல்டரைத் திறந்தாள்.

நாற்பத்தோரு பாட்டுகள். அவர்களுடைய எல்லாப் பாட்டுகளும். ஒவ்வொன்றிலும் அவள் பாட வேண்டிய மெட்டை, அவன் வெளியே போயிருந்த பகல்களில், அவளே கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

முதல் பாட்டுக்கு நேரே தேதி இருந்தது. டாக்டரைப் பார்க்கப் போனதற்கு முந்தின நாள்.

அவள் மைக்கை அணைத்து, ஸ்டாண்டிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். படியிறங்கிப் போய், உறை மாட்டாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை மடியில் வைத்துக்கொண்டாள். ஆரம்பிங்க என்பதுபோல் தலையசைத்தாள்.

அவன் முன்னிசையைப் பழைய சுருதியில் வாசித்தான். குழல் சரியான இடத்தில் வந்து சேர்ந்தது. இரண்டாம் வரியின் உச்சியைத் தொட்டு, பிசிறில்லாமல் இறங்கியது.

இறங்கியதும் ஒரு நொடி நின்றது. பதிவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தான்.

அது அவள் மூச்சு வாங்கும் இடம்.