இன்னும் ஒரு சுத்து

ஜெயித்தவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து தோற்றுப்போனவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சலவைக்கடைக்காரி பார்த்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கடை வாசலில் நின்றே பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

பன்னிரண்டு நாள் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். அதே தெருக்களை எட்டுச் சுற்று வரவேண்டும். முடிவுக்கோடு அவள் கடைக்கு ஐம்பது அடி தள்ளி. எல்லாருக்கும் முன்னால் தனியாக வந்துகொண்டிருந்தவன் கொக்கு. நீளக் காலுக்காக ரசிகர்கள் வைத்த பேர்.

ஏழாவது சுற்று முடிகிற இடத்தில் கொக்கு உயிரைக் கொடுத்து மிதித்தான். கோட்டைத் தாண்டினான். கையைத் தூக்கினான். மிதிப்பதை நிறுத்தினான்.

அப்போதுதான் நடுவர் கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தார்.

பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டிப் பறந்தார்கள். கொக்கு திருதிருவென்று விழித்துவிட்டு மறுபடி மிதித்தான். காலில் ஒன்றும் மிச்சமில்லை. பதினாலாவதாக வந்து சேர்ந்தான்.

"அம்மா, கொக்கு மாமா ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாரு... இல்ல... இருடி, எனக்கே தெரியல."

தெருவே குழம்பிக் கிடந்தது. பாதிப் பேர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தலையில் கைவைத்திருந்தார்கள்.

எதிர்வாடையில் பேனர் பிடித்துக்கொண்டிருந்த அவள் புருஷனும் பக்கத்துக் கடை சலூன்காரரும் வேர்க்க விறுவிறுக்க இந்தப் பக்கம் வந்தார்கள். புருஷன் பஸ் டிரைவர்.

"லீவு போட்டு வந்தேன்! எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கா நான் தொண்டை கிழியக் கத்தினேன்?"

"எண்ணத் தெரியாம இல்ல மாப்ள, விலை போயிட்டான்," என்றார் சலூன்காரர்.

"விலை போனவன் எதுக்குண்ணே கையைத் தூக்கணும்?"

"அதான் நடிப்பு!"

"எத்தனை சுத்து பாக்கின்னு பலகை வெச்சிருந்தாங்கள்ல? அதையாவது பார்த்திருக்கலாம்."

"எப்படிப் பார்க்கிறது? பலகையை மறைச்சுத்தானே உங்க பேனரைப் பிடிச்சீங்க?" என்றாள் அவள்.

சலூன்காரருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை.

கூட்டத்திலிருந்து தபால்காரர் தலையை நீட்டினார். "ஆறாவது சுத்து முடியறப்பவே ஒரு மணிச் சத்தம் கேட்டுதுப்பா. அதைக் கேட்டுத்தான் ஏமாந்திருப்பான்."

"எவன் அடிச்சான்?" சலூன்காரர் சட்டைக் கையை மடித்தார். "ஆள் மட்டும் தெரியட்டும், இந்தத் தெருவுலயே இருக்க விடமாட்டேன்!"

சலவைக்கடைக்காரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

மெஷின் சத்தத்தில் வாடிக்கைக்காரர் கூப்பிடுவது கேட்காது என்று கடை வாசலில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தாள். 'சும்மா நிக்காதீங்க, எல்லாரும் ஏதாவது சத்தம் பண்ணுங்க!' என்று எதிர்வாடையிலிருந்து இதே சலூன்காரர் கத்தினபோது, அதைக் கழற்றி அவள் ஆட்டு ஆட்டென்று ஆட்டியது எந்தச் சுற்றில்?

ஆறாவதிலா? ஐந்தாவதிலா?

மணி இன்னும் கையில்தான் இருந்தது. மெதுவாக அழுக்குத்துணிக் கூடைக்குள் விட்டாள்.

அத்தனை கூச்சலில் அவன் காதில் விழுந்திருக்குமா? விழுந்திருந்தால்? சொன்னால் நாளையிலிருந்து ஒருத்தரும் கடைப் படி ஏறமாட்டார்கள். சொல்லாவிட்டால், ஒரு தப்பும் செய்யாத பிள்ளை பேர் நாறும்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"இங்க பாருங்க... அந்த மணி வந்து..."

"உஷ்! டிவியில கொக்கு பேசறான்!"

எல்லாரும் சலூன் வாசலுக்கு ஓடினார்கள். மைக்கைப் பிடித்திருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல யாரோ மணி அடிச்சு உங்களை ஏமாத்திட்டதா சொல்றாங்களே?"

"மணியா? என் காதுல எதுவும் விழலைங்க. நான்தான் தப்பா எண்ணிட்டேன். ரசிகர்கள் மன்னிக்கணும்."

"பார்த்தீங்களா! நான் அப்பவே சொல்லல?" என்று குதித்தான் புருஷன். "மக்குப் பய!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போ நம்ம மணி இல்லை! சிரிப்பதா, பாவப்படுவதா என்று தெரியாமல் உள்ளே போய்த் துணி மடித்தாள்.

சாயங்காலம் கடை வாசலில் ஒரு நீள நிழல் விழுந்தது.

"அக்கா, காலையில வண்டி கிளம்பறதுக்குள்ள இந்தச் சட்டையைத் துவைச்சுத் தர முடியுமா?"

கொக்கு. பின்னாலேயே சலூன் வாசலிலிருந்து "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று ஒரு கூட்டமே பாடம் நடத்தியது. அவன் திரும்பவில்லை.

மகள் மேஜைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"எனக்கே கொஞ்சம் குழப்பம்தான் பாப்பா."

சலவைக்கடைக்காரி சட்டையை வாங்கிக்கொண்டாள். மனசில் பாரம் இல்லாததால் பேச்சும் தாராளமாக வந்தது. "நல்லவேளை தம்பி, மணியே கேக்கலன்னு சொன்னீங்க. இல்லாட்டி இந்நேரம் இங்க ஒரு ஆளைப் பிச்சுப் போட்டிருப்பாங்க."

கொக்கு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அதுக்குத்தான் சொன்னேன். கடைசிச் சுத்துல வரப்ப உங்க கையில மணியைப் பார்த்தேன். நான் காலையில போயிடுவேன், நீங்கதான் இவங்களோட காலம் தள்ளணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."