துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்

“துப்பாக்கியெல்லாம் கூரியர்ல போகாதுலா அக்கா!” ஜார்ஜ்டவுன் கூரியர் கவுண்டரில் இல்ஹாம் கத்தினான்.

“ஈப்போ துப்பாக்கிக் கடைக்குத்தானே தம்பி அனுப்பறேன்? லைசென்ஸ் இருக்கு, பாரு!” தனலெட்சுமியும் விடவில்லை.

“லைசென்ஸ் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரே போலீஸ் பாலாய்க்குப் போய்ச் சொல்லணும்.”

“அவருக்குத் தெரியக் கூடாது.”

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு லோகேஸ்வரிக்கு இது போதாதா? புருஷன் நல்லமுத்து டுரியான் பழத் தோட்டத்தில் பன்றி விரட்டிய துப்பாக்கியை, அவருக்கே தெரியாமல் விற்கிறாளே! வெளியே வந்து நல்லமுத்துவுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அக்கா உங்க துப்பாக்கிய விக்கப் போவுது!”

“எந்த அக்கா? நானே பீரோ சாவியத் தேடிக்கிட்டிருக்கேன்மா. எவளோ ஒருத்தி தினமும் என் வீட்டுக்குள்ள புகுந்து சமைக்கிறா. இன்னிக்கு வரட்டும், சுட்டுடறேன்.”

லோகேஸ்வரி போனை வைத்துவிட்டு மறுபடி கவுண்டருக்கு ஓடினாள். முப்பத்தாறு வருஷமாக அவருக்குச் சமைத்தவளின் கையைப் பிடித்து, தானே போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். போலீசார் வீட்டுக்கு வந்து, தனலெட்சுமியிடமிருந்த சாவியால் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துச் சென்றார்கள்.

அடுத்த மாதம் இருவரும் புக்கிட் மெர்தாஜாமில் மகள் வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே நல்லமுத்து மகளிடம் ரகசியமாகக் கேட்டாராம்: “சமைக்கிற அந்தம்மா நல்ல மாதிரி. கல்யாணம் ஆயிடுச்சா?”